ராமுத்தாய் கடையில் வாழும் உயிரினங்கள்

ராமுத்தாயின் டீக்கடைக்குள் ஒரு சிறுத்தை குடியிருக்கிற விஷயம் வெளியே தெரியவந்த அன்று, அவள் பஜ்ஜிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள்.

செய்தியைக் கொண்டுவந்தவன் பாண்டீஸ்வரன். அவள் அக்கா மகன்; ஜீப்பில் சுற்றுலாக்காரர்களை மலைமேல் ஏற்றி இறக்கிப் பிழைக்கிறவன். அன்று காலை மூணாறில், மலை உயிர்வளச் சமிதி என்று ஓர் அரசாங்கக் குழு கூட்டம் போட்டிருந்தது. ஜீப்காரர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். கேக்கும் காபியும் கிடைக்கும் என்று போனவன், முழி பிதுங்கத் திரும்பி வந்தான்.

"சித்தி, ஒங்க கடை ஸ்கிரீன்ல வந்துச்சு. இந்த மலையிலயே இங்கதான் சீவராசி சாஸ்தியாம்."

"எந்தக் கடைலே?"

"இந்தக் கடைதான். சிறுத்தை இருக்காம். வரையாடு கூட்டமா இருக்காம். இருவாச்சிப் பறவை ரெண்டு சோடி. பட்டாம்பூச்சி எத்தனை தினுசுன்னு அவுகளே எண்ணி முடிக்கலை. எல்லாம் இந்தத் தகரத்துக்குக் கீழ."

ராமுத்தாய் அண்ணாந்து தகரத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்து அங்கே இருந்தவை இரண்டு பல்லியும் ஓர் எலியும். எலியைக்கூட நிரந்தரக் குடித்தனம் என்று சொல்ல முடியாது. பன் தீர்ந்துபோன நாட்களில் ஆளையே காண முடியாது.

"நல்லதுதானே. ஒரு போர்டு எழுதி வச்சிருவோம்," என்றாள். வியாபாரம் தெரிந்தவள்.

பாண்டி தலையைச் சொறிந்தான். முக்கியமான விஷயத்தைக் கடைசியில் சொல்வது அவன் வழக்கம். ஜீப்பில் பிரேக் பிடிக்கவில்லை என்பதை இறக்கம் முடிந்த பிறகுதான் சொல்வான்.

"போர்டு வைக்க எடம் இருக்காது சித்தி. இம்புட்டு சீவராசி இருக்க எடத்துல அடுப்பு, புகை, கொட்டகை ஒண்ணும் ஆகாதாம். கடையை எடுக்கணுங்காக. அடுத்த மாசம் திரும்பக் கூட்டம் வச்சு முடிவு பண்ணுதாகளாம்."

கையிலிருந்த கரண்டி மாவுக்குள் விழுந்தது. அதை எடுக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

அந்தக் கடை அவளுக்கு வெறும் கடையாக இருந்தால் சரி, போகட்டும் என்று விட்டிருப்பாள். இருபது வயதில் கூடையை முதுகில் மாட்டியவள். தோள் ஒருபக்கம் இறங்கிப்போகிற வரைக்கும் தேயிலைக் கொழுந்து கிள்ளினாள். குடியிருக்கிற எஸ்டேட் லயத்து வீடு கம்பெனியுடையது. கணவர் பொன்ராஜ் ஃபாக்டரியிலிருந்து ஓய்வு பெறுகிற அன்று சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டியதுதான். கிள்ளிய கொழுந்து கம்பெனியுடையது, நடந்த பாதை கம்பெனியுடையது, பிள்ளை பெற்ற ஆஸ்பத்திரிகூடக் கம்பெனியுடையது. பஞ்சாயத்தில் நடையாய் நடந்து வாங்கிய அந்த எட்டடிக்குப் பத்தடித் தகரக் கொட்டகை ஒன்றுதான் இந்த உலகத்தில் ராமுத்தாய் என்ற பெயரில் இருந்தது. அதைப் பிடுங்க ஒரு சிறுத்தை வந்திருக்கிறது, அதுவும் அவள் கண்ணிலேயே படாத சிறுத்தை.

சிறுத்தை எப்படிக் கடைக்குள் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அதற்கு உலக்கைப்பாறை வளைவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூணாறிலிருந்து மேலே ஏறும் அந்த எஸ்டேட் ரோட்டில் வளைவுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் செல்போன் டவர் எட்டிப் பார்ப்பது உலக்கைப்பாறை வளைவை மட்டும்தான். ஒரு வளைவு மேலே போனாலும் போன் செத்துவிடும், ஒரு வளைவு கீழே போனாலும் செத்துவிடும். பிள்ளைகளின் பரீட்சை முடிவு பார்க்கிறவர், கேஸ் சிலிண்டர் பதிகிறவர், மருமகளோடு சண்டை போடுகிறவர் எல்லோரும் அங்கே வந்து நிற்பார்கள். நிற்கிறவர்கள் டீ குடிப்பார்கள். அதைக் கணக்குப் போட்டுத்தான் ராமுத்தாய் அங்கே கடை போட்டாள். கடை நெற்றியில் 'டீ உண்டு, டவர் உண்டு' என்று எழுதியிருந்தாள்.

பாண்டியும் மற்ற ஜீப்காரர்களும் சுற்றுலாக்காரர்களை விடிந்ததும் மேலே கூட்டிப்போவார்கள். மலை முழுக்க ஆடு, பறவை, பூச்சி, தவளை என்று கண்ணில் பட்டதையெல்லாம் அவர்கள் படம் பிடிப்பார்கள். உயிரினங்களைப் படத்தோடு பதிவேற்ற ஒரு ஆப் இருக்கிறது. கண்ணில் படுகிறதை அதில் ஏற்றாவிட்டால் இப்போது படித்தவர்களுக்குத் தூக்கம் வருவதில்லை. ஏற்றுவதற்கு டவர் வேண்டும். ஆகவே திரும்புகிற வழியில் ஜீப்புகள் எல்லாம் உலக்கைப்பாறை வளைவில் நிற்கும். "ஏத்துங்க சார், இங்க விட்டா அப்புறம் மூணாறுதான்!" என்று பாண்டி குரல் கொடுப்பான். ஏற்றும்போது ஆப் ஒரு கேள்வி கேட்கும்: எங்கே பார்த்தீர்கள்? பெரிய வரைபடம் விரியும். கீழே நீல நிறத்தில் 'இப்போது நான் இருக்கும் இடம்' என்று ஒரு பட்டன்.

கை விறைக்கிற குளிர், ஒரு கையில் டீ, வண்டியில் பொறுமை இழந்த மனைவி. வரைபடத்தில் மலையையும் ஓடையையும் யார் தேடிக்கொண்டிருப்பார்கள்? பாண்டியும் சும்மா இருக்க மாட்டான். "நீலத்தை அமுக்குங்க சார், நீலத்தை அமுக்குங்க, வண்டி கெளம்பணும்." அமுக்குவார்கள். மலையுச்சியில் ஓடிய சிறுத்தை அந்த நிமிடத்தில் ராமுத்தாயின் பாய்லருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும். வருடக்கணக்காக இப்படி அமுக்கி அமுக்கி, மலை முழுதும் காலியாகி, எல்லா உயிரும் டீக்கடைக்குள் வந்து சேர்ந்திருந்தன.

இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க மௌனிகாவுக்கு ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

மௌனிகா சமிதி அனுப்பிய ஆராய்ச்சிக்காரப் பெண். பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். தவளைகளைப் பற்றிப் படித்து முனைவர் பட்டம் வாங்கியவள். முதுகில் பை, முழங்கால் வரை அட்டை ஏறாத காலுறை, கழுத்தில் பைனாகுலர் என்று ஒருநாள் காலை வந்து இறங்கினாள். ராமுத்தாய் அவளைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும்.

"ஏனுங்க்கா, ஒரு டீ போடுங்க."

வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுகிறவர்களை ராமுத்தாய் நம்புவதில்லை. தன்னிடம் அவ்வளவு மரியாதையாகப் பேசிய கடைசி ஆள், சீட்டுப் பிடித்துவிட்டுக் காணாமல் போனவன்.

அந்த நேரம் பார்த்து ஒரு ஜீப் வந்து நின்றது. சென்னைக்காரர் ஒருவர் இறங்கி, டீயை வாங்கிக்கொண்டு போனைத் தடவினார். பாண்டி பழக்கதோஷத்தில், "நீலத்தை அமுக்குங்க சார்," என்றான். அவர் அமுக்கினார். அதே ஆப்பை வைத்திருந்த மௌனிகாவின் போனில் டிங் என்றது. பார்த்தாள். ராமுத்தாயின் கடைக்குள் ஒரு காட்டெருமை வந்திருந்தது.

மௌனிகா சிரிக்கத் தொடங்கினாள். டீ மூக்கில் ஏறியும் சிரிப்பு நிற்கவில்லை. பிறகு, "அக்கா, உங்க கடையில ஒரு மண்ணும் இல்லீங்க," என்றாள்.

கடையைப் பற்றி அவ்வளவு கேவலமாக யாராவது சொன்னால் ராமுத்தாய் வேறு நாட்களில் விளக்குமாற்றை எடுத்திருப்பாள். அன்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீ நல்லாயிருப்ப தாயி," என்று இரண்டாவது டீயைத் தானாகவே போட்டாள்.

ஆனால் விஷயம் அத்தோடு முடியவில்லை. மௌனிகா சமிதித் தலைவருக்குப் போன் செய்தாள். தலைவர் வர்க்கி சார், எங்கோ சமவெளியில் கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்ற பேராசிரியர். மலையிலேயே உயிர்வளம் செறிந்த இடத்தைத் தான் கண்டுபிடித்துவிட்டதாகப் பத்திரிகைக்காரர்களிடம் சொல்லி, படமும் வந்து, அதைக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டியும் விட்டவர். லேசில் இறங்கி வருவாரா?

"மேப்புல இருக்கற புள்ளியெல்லாம் தப்புன்னு ஒத்துக்கிட்டாருங்க. ஆனா அந்த எடத்துல ஒண்ணுமே இல்லைன்னு யாராச்சும் பாத்தாங்களான்னு கேக்கறாரு. யாரும் பாக்கலீங்க. அதனால நான் பாத்து எழுதோணுமாமுங்க," என்றாள் மௌனிகா.

"இல்லைன்னு எழுதிட்டுப் போயேன். அதுக்கென்ன?"

"இருக்குதுன்னு காட்டறது சுலபமுங்க்கா. இல்லைன்னு காட்டறதுதான் பெரும்பாடு."

"அப்ப அந்தச் சிறுத்தையெல்லாம் நெசமா எங்கதான் இருக்கு?"

அதற்கு மௌனிகா பாண்டியைப் பார்த்தாள். அவளும் அவனிடம் அதைத்தான் கேட்டிருந்தாள். இருவாச்சியை எங்கே பார்த்தாய் என்றதற்கு, "மரத்துல" என்று அவன் பதில் சொல்லியிருந்தான்.

மௌனிகா தன் கணினியைத் திறந்து மலையின் வரைபடத்தைக் காட்டினாள். வளைவில் புள்ளிகள் எறும்புப் புற்றுபோல மொய்த்துக் கிடந்தன. ரோட்டு ஓரமாகச் சில புள்ளிகள். மற்றதெல்லாம் வெள்ளை. பள்ளத்தாக்கு வெள்ளை, சோலைக்காடு வெள்ளை, அந்தப் பக்கத்து ஏலக்காட்டுச் சரிவுகள் எல்லாம் வெள்ளை.

"இந்த வெள்ளையில ஒண்ணும் கெடையாதா?"

"போய்ப் பாக்கலீங்க்கா."

"ஏன்?"

"ரோடு இல்லீங்க. அட்டை கடிக்குமுங்க. பர்மிசன் வாங்க ரெண்டு வருசம் ஆகுமுங்க." மௌனிகா கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொன்னாள். "எங்க கூட்டம் மொத்தமும் ரோட்டோரமாப் பாத்துப்போட்டு, காடு பூராத்தையும் பாத்த மாதிரிப் பேசறமுங்க."

ராமுத்தாய்க்கு அதைக் கேட்டு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எஸ்டேட் மானேஜர்களும் அப்படித்தான்; ஜீப் போகிற ரோட்டிலிருந்து பார்த்துவிட்டு மேல்காட்டில் கொழுந்து சரியில்லை என்பார்கள்.

மௌனிகா ஒரு வாரம் தங்கி ஆராய்ச்சி செய்ய ஏற்பாடாயிற்று. ராமுத்தாய் அந்த ஆராய்ச்சிக்கு அளித்த ஒத்துழைப்பைப்போல இந்திய விஞ்ஞானத்துக்கு இதுவரை யாரும் அளித்திருக்க மாட்டார்கள். விடிவதற்குள் வந்து கடையைச் சுற்றி மண் தெரியப் பெருக்கினாள். புதரை வெட்டினாள். எறும்பு வரிசைமேல் மஞ்சள்பொடி தூவினாள். ஒரு மைனா வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது கரண்டியோடு பாய்ந்தாள்.

"அக்கா, தொரத்தக் கூடாதுங்க!"

"அது இந்த எடத்துப் பறவை இல்ல தாயி. கீழ எஸ்டேட் டிவிசன்லருந்து வருது. எனக்கு நல்லாத் தெரியும்."

"வந்து உக்காந்தா எழுதித்தான் ஆகோணுமுங்க."

"அப்ப கால் கீழ படுதுக்கு முன்னாடி வெரட்டுனா?"

மௌனிகா யோசித்தாள். அப்படி ஒரு விதி எந்தப் புத்தகத்திலும் இல்லை. "எனக்குத் தெரியலீங்க்கா," என்றாள்.

பாண்டியும் தன் பங்குக்கு உழைத்தான். ஜீப்பை வளைவில் நிறுத்தி விடாமல் ஆக்சிலேட்டரை மிதித்து, புகையும் சத்தமுமாகக் கிளப்பினான். அந்த வாரம் காக்கைகூட உலக்கைப்பாறை வளைவைச் சுற்றிக்கொண்டு போயிற்று. மௌனிகாவுக்குக் கிடைத்தவை மைனா, பல்லி, எலி, நாலு வகை எறும்பு, மழைக்காகக் கடைக்குள் ஒதுங்கிய ஒரு தெருநாய். இவ்வளவு மோசமான முடிவு தன் வாழ்க்கையில் வந்ததில்லை என்று அவள் சொன்னபோது, ராமுத்தாய் அவளுக்குத் திருஷ்டி சுற்றிப்போட்டாள்.

கெட்ட காலம் கடைக்குப் பின்பக்கம் உட்கார்ந்திருந்தது.

டீக்கடை நடத்துகிறவர்கள் எல்லோரும் வடிகட்டிய டீத்தூள் சக்கையை எங்காவது கொட்டித்தான் ஆக வேண்டும். ராமுத்தாய் கடைக்குப் பின்னால், பாறைக்கும் ஓடைக்கும் நடுவில் கொட்டிவந்தாள். அது இடுப்பளவு மேடாக வளர்ந்திருந்தது. ஆராய்ச்சி முடிய ஒருநாள் இருக்கும்போது, அந்த மேட்டையும் கிளறிப் பரத்திச் சுத்தமாக்கிவிடலாம் என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். மௌனிகா அப்போது முன்பக்கம் எலியை அளந்துகொண்டிருந்தாள்.

மண்வெட்டி போட்ட இடத்தில் சக்கை நகர்ந்தது. ராமுத்தாய் குனிந்து பார்த்தாள். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு தவளை. நிறம் அச்சு அசல் சக்கை. வயிற்றில் மட்டும், பால் ஊற்றாத கட்டன் டீயைக் கண்ணாடி கிளாஸில் வெயிலுக்குப் பிடித்ததுபோல ஒரு செம்மை. ஓடவில்லை, குதிக்கவில்லை. செத்ததுபோல மல்லாந்து படுத்துக்கொண்டு ஒரு கண்ணால் அவளைப் பார்த்தது.

ராமுத்தாய் அட்டைக்குப் பயப்பட மாட்டாள், பாம்புக்குப் பயப்பட மாட்டாள், யானை வந்தால்கூடக் கதவைச் சாத்திவிட்டுத் திட்டுவாள். தவளை என்றால் மட்டும் உடம்பு கூசிவிடும். இப்படி ஒன்றை அவள் இதுவரை பார்த்ததும் இல்லை. தினமும் சக்கையைத் தூர நின்று வீசிவிட்டுத் திரும்பிவிடுகிறவள். பாய்லரில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு சொம்பு போதும். போய் எடுத்துக்கொண்டும் வந்துவிட்டாள்.

சொம்போடு அதன் பக்கத்தில் நின்றாள். கை இறங்க மாட்டேன் என்றது. தினமும் தலையில் சுடச்சுடச் சக்கை விழுந்தும் இங்கேயே கிடந்து பிழைத்திருக்கிறது. போக்கிடம் இருந்தால் போயிருக்காதா என்று நினைத்தாள். அவளுக்கு அந்தத் தவளைமேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. வெந்நீரைப் பாறைமேல் ஊற்றிவிட்டு, முறுக்கு டப்பாவைக் காலி செய்தாள். கண்ணை மூடிக்கொண்டு தவளையைக் கரண்டியால் அள்ளி உள்ளே போட்டு, மூடியில் ஓட்டை போட்டு, பாண்டியைக் கூப்பிட்டாள்.

"ஏலே, இதை மேல, எங்கயாவது தூரமா, நல்ல தண்ணி உள்ள எடமாப் பாத்து விட்டுட்டு வா. அந்தப் பிள்ளைகிட்ட மூச்சு விடாத."

பாண்டி சித்தி சொல்லைத் தட்டாதவன். அன்றைய சவாரியோடு டப்பாவையும் ஏற்றிக்கொண்டு போனான். மலையுச்சிக்குப் பக்கத்தில் ஓர் ஓடைக்கரையில் தவளையைப் பத்திரமாக இறக்கி விட்டான். மௌனிகாவிடம் மூச்சு விடவும் இல்லை. அவன் செய்த ஒரே தப்பு, இறக்கி விடும்போது ஜீப்பில் ஒரு குடும்பம் இருந்ததை மறந்தது. குடும்பத்தலைவர் கோட்டயத்துக்காரர், பெரிய கேமரா வைத்திருந்தவர். தவளை மல்லாந்து படுத்ததையும், ஒரு கண்ணால் பார்த்ததையும், செக்கச்செவேல் என்ற வயிற்றையும் பொறுமையாகப் படமெடுத்தார்.

மாலையில் ஜீப் திரும்பியது. உலக்கைப்பாறை வளைவில் நின்றது. கோட்டயத்துக்காரர் டீயை வாங்கிக்கொண்டு போனை எடுத்தார். பாண்டி வாயைத் திறந்தான். எதைச் சொல்லக்கூடாது என்று நினைத்தானோ அதுவே வருடக்கணக்கான பழக்கத்தில் வெளியே வந்துவிட்டது.

"நீலத்தை அமுக்குங்க சார்."

பெஞ்சில் மௌனிகாவின் போன் டிங் என்றது.

அந்தப் படத்தை அவள் பார்த்த விதத்தைக் கண்டதுமே ராமுத்தாய்க்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மௌனிகா படத்தைப் பெரிதாக்கினாள், சின்னதாக்கினாள், திருப்பினாள். பிறகு எழுந்து, "ஏனுங்க பாண்டி, இதை எங்கீங்க எடுத்தது? நெசத்தைச் சொல்லுங்க. மரத்துலன்னு சொன்னா அடிச்சுப்போடுவேன்," என்றாள்.

பாண்டி சித்தியைப் பார்த்தான். சித்தி அடுப்பைப் பார்த்தாள். அடுப்பு எதையும் பார்க்கவில்லை. வேறு வழியில்லாமல் பாண்டி எல்லாவற்றையும் கக்கினான். ஆயிரக்கணக்கான படங்கள் அந்த வளைவிலிருந்து தப்பான இடத்தோடு ஏறியிருக்கின்றன. இடம் சரியாக ஏறிய ஒரே படம், மறைக்கப் பார்த்த இந்தப் படம்தான்.

மௌனிகா சக்கை மேட்டுக்கு ஓடினாள். தேடியதில் இன்னும் சில கிடைத்தன. சூடு படாத அடிச் சக்கையில், குளுகுளுவென்று, குடும்பத்தோடு இருந்தன. முட்டைகூட இருந்தது. மறுநாள் முழுக்கச் சுற்றியிருந்த புல், புதர், ஓடை, தேயிலைத் தூர் எல்லாம் தேடினாள். பாண்டி விட்டுவந்த ஓடைக்கும் போய்ப் பார்த்தாள். வேறு எங்கேயும் ஒன்றுகூட இல்லை.

"இது பேரு என்ன தாயி?"

"தெரியலீங்க்கா. யாருக்கும் தெரியாதுன்னு நெனைக்கிறேன்." அவள் முகம் கல்யாணப் பெண்ணின் முகம்போல மின்னியது.

"யாருக்கும் தெரியாட்டி விட்டுரு. எழுதாத," என்றாள் ராமுத்தாய். "என் பேர்ல இருக்கது இது ஒண்ணுதான். ஒனக்கு ஒரு தவளை போனா இன்னொரு தவளை. எனக்கு இன்னொரு கடை யாரு குடுப்பா?"

மௌனிகாவின் முகத்து வெளிச்சம் அணைந்தது. "பாத்ததைப் பாக்கலைன்னு எழுத எனக்கு வராதுங்க்கா," என்றாள். ராமுத்தாய் அவளுக்கு அன்று டீ போடவில்லை. கேட்கவும் மௌனிகாவுக்கு வாய் வரவில்லை.

கூட்ட நாள் வந்தது. மூணாறு ஹாலில் மேடையில் சமிதிக்காரர்கள். நடுவில் வர்க்கி சார், கல்யாண வீட்டுக்காரர்போல மலர்ந்து உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் ராமுத்தாய், பக்கத்தில் அரை நாள் லீவு போட்டுவந்த பொன்ராஜ், பின்னால் பாண்டி. திரையில் தவளை மல்லாந்து படுத்திருந்தது.

"ஞான் அன்னைக்கே பறஞ்ஞு," என்று தொடங்கினார் வர்க்கி சார். தமிழர்கள் வந்திருப்பதால் தமிழில் பேசுவதாக அவர் நம்பிக்கொண்டிருந்தார். "ஆ எடம் சாதாரண எடம் இல்லா. மோளே, இதிண்டே பேரு எந்தா?"

"தெரியலீங்க சார்," என்றாள் மௌனிகா.

"எவிடெயெல்லாம் உண்டு?"

"தெரியலீங்க. இப்போதைக்கு அந்தச் சக்கை மேட்டுல மட்டும்தான் பாத்திருக்கறேன்."

"எந்து தின்னும்?"

"தெரியலீங்க."

"அப்போ நினக்கு எந்துதான் தெரியும்?" வர்க்கி சாருக்கு வேர்த்தது. பத்திரிகைக்காரர்கள் வேறு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒண்ணே ஒண்ணுதானுங்க சார். அது டீச்சக்கையில இருக்குது. சக்கையால இருக்குதா, சக்கையைத் தாங்கிக்கிட்டு இருக்குதான்னு தெரியாதுங்க. சக்கை இல்லீன்னா உசுரோட இருக்குமா, செத்துப்போயிருமான்னும் தெரியாதுங்க."

"செரி. கடையை மாத்தி, சக்கையை மாத்திரம் அவிடெ இட்டால் போதுமல்லோ," என்றார் மேடையிலிருந்த இன்னொருவர்.

ராமுத்தாய் எழுந்தாள். பேச வேண்டும் என்று அவள் வரவில்லை. கோபம் தூக்கி நிறுத்திவிட்டது.

"சக்கையை யாருய்யா போடுவா? டீ போட்டாத்தான் சக்கை வரும். அங்க அடுப்பு கூடாதுங்கீக. அப்ப டீயை எங்க போடுவீக?"

மேடையில் குசுகுசுவென்று பேச்சு எழுந்தது. மூணாறில் டீ போட்டு, சக்கையை வண்டியில் கொண்டுபோகலாம் என்றார் ஒருவர். அந்தச் சூட்டிலேயே விழ வேண்டுமா, ஆறிப்போனாலும் பரவாயில்லையா என்று கேட்டார்கள். மௌனிகா தெரியாது என்றாள். பாலும் சர்க்கரையும் கலந்த சக்கையா, கட்டன் சக்கையா? அதுவும் தெரியாது. ஓர் அரசு ஊழியரை நியமித்து அங்கேயே டீ போடச் சொன்னால் என்ன என்று ஒருவர் கேட்டார். அந்த டீயை யார் குடிப்பது, குடிக்க ஒரு ஊழியரை வேறு நியமிப்பதா, குடிக்காமல் கொட்டினால் தணிக்கைக்காரன் விடுவானா என்று இன்னொருவர் கேட்டார். அவர்களுடைய கவலை நியாயமானது. ஒரு மேடு வளரும் அளவுக்கு டீ குடிப்பது லேசான காரியம் இல்லை.

வர்க்கி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தான் கண்டுபிடித்த இடத்தில், தான் கண்டுபிடித்ததாகப் பத்திரிகையில் வரப்போகிற தவளை, தன் உத்தரவாலேயே செத்துப்போனது என்று நாளைக்கு ஒருவன் எழுதினால்? அந்தப் படத்தையும் கண்ணாடி போட்டு மாட்டவா முடியும்? அவர் முகம் போகிற போக்கிலிருந்தே எல்லோருக்கும் அது புரிந்தது. எழுத்தரைப் பார்த்து உத்தரவைச் சொல்லத் தொடங்கினார். அந்தத் தவளையைப் பற்றி அறிய வேண்டியதெல்லாம் அறிகிற வரைக்கும் அங்கே ஒரு மாற்றமும் கூடாது. கடை இருக்கணும். அடுப்பு எரியணும். சக்கை அங்கேயே விழணும். கடை நடத்துகிற ஆளைக்கூட மாற்றக்கூடாது. ராமுத்தாய் என்ற பெயரை அவர் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு எழுதச் சொன்னார்.

பொன்ராஜுக்குச் சட்டென்று விளங்கவில்லை. "என்னட்டி சொல்லுதாக?" என்று கேட்டார்.

"ஒண்ணும் தெரியாதாம்," என்றாள் ராமுத்தாய். சொல்லும்போதே அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அதிகாரத்தில் இருப்பவர்கள் தெரியாது என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை. கூலி ஏன் குறைந்தது, மருந்து ஏன் கேட்கவில்லை, வீட்டை ஏன் காலி செய்ய வேண்டும் என்று எதைக் கேட்டாலும் அவர்களிடம் பதில் இருந்திருக்கிறது. அந்தப் பதிலெல்லாம் அவள் தலையில்தான் விழுந்திருக்கிறது. இன்றைக்குத்தான் ஒரு பிள்ளை எழுந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் தெரியாது, தெரியாது என்று சொல்லி அவள் கடையை மீட்டுக்கொடுத்திருக்கிறது.

வாசலில் மௌனிகா கணினியைப் பையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றாள். ராமுத்தாய் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தாயி, ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லு. அந்தத் தவளையைப் பத்தி எல்லாம் தெரிஞ்சுக்கிட எம்புட்டு நாளாகும்?"

"சீக்கிரம் முடிச்சுப்போடறேனுங்க்கா, கவலப்படாதீங்க," என்றாள் மௌனிகா, அவளுக்கு ஆறுதல் சொல்கிற நினைப்பில். "ராப்பகலா ஒக்காந்து பாத்தா..."

ராமுத்தாய் அந்தக் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"அய்யய்யோ, ஒடம்பைக் கெடுத்துக்கிடாத பிள்ளை. அவசரமே இல்ல. நிதானமாப் படி. கல்யாணம் முடி, பிள்ளையப் பெறு, அது பள்ளிக்கூடம் போகட்டும். அப்பப்ப வந்து டீ குடிச்சிட்டு, ஒரு எட்டு பின்பக்கம் எட்டிப் பாத்துட்டுப் போ. நான் இருக்க வரைக்கும் ஒனக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம்."